எந்த வருஷத்து பீரோ?

போன வருஷம் புரட்டாசிக் கடைசியில், ஆவடிக்குப் பக்கத்தில் இருக்கும் கோவில்பதாகையில், என் அப்பாவுக்காக ஒரு கீழ்வீடு தேடி அலைந்தபோது நடந்தது இது.

முதலில் என்னைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். அடுத்த வீட்டு விஷயம் தெரியாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. யார் வீட்டுக்குப் போனாலும் உட்காருவதற்கு முன்பே கண் நாலாபக்கமும் சுற்றி வந்துவிடும். "கேட்கிறதுக்கு கேள்வி இல்லாட்டி உனக்கு ஜுரம் வந்துரும்" என்று என் கணவர் கிண்டல் செய்வார். அவருக்கு ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஷிப்ட் வேலை. நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்ன கம்பெனியில் கணக்கு பார்க்கிறேன். ஊர் சாத்தூர்ப் பக்கம். கோவில்பதாகைக்குக் குடிவந்து அப்போது ஒன்றரை வருஷம்தான் ஆகியிருந்தது. அதற்குள் பெரிய மழை எதையும் நாங்கள் பார்க்கவில்லை.

ஊரில் தனியாக இருந்த அப்பா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பை உடைத்துக்கொண்டார். ஆபரேஷன் ஆகி, வாக்கரைப் பிடித்துக்கொண்டு மெல்ல நடப்பார். கட்டிலில் இருந்து எழுந்திருக்க ஒரு ஆள் கைகொடுக்க வேண்டும். சித்தி வீட்டில் தீபாவளி வரைக்கும் வைத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார்கள். அதற்குப் பிறகு என்னிடம்தான் வரவேண்டும். நாங்கள் இருப்பதோ லிப்ட் இல்லாத இரண்டாவது மாடி.

அதே தெருவில் ஒரு கீழ்வீடு காலியாக இருந்தது. மாடியில் வீட்டுக்காரர், ஐம்பத்தைந்து வயசு இருக்கும் ஒரு கத்தோலிக்க அக்கா. கணவர் தவறிப்போய்விட்டார், பிள்ளைகள் வேறு ஊரில். கீழ்வீட்டு வாடகையில்தான் அவர் ஜீவனம். வீடு பளிச்சென்று வெள்ளையடித்து அம்சமாக இருந்தது. நான் கேட்ட முதல் கேள்வி, "மழைக்குத் தண்ணி வருமாக்கா?"

"இங்க இன்னாத்துக்கு வரப்போவுது? பக்கத்துத் தெருவுல வரும். நம்ம தெருவுக்கு வராது" என்றார் அக்கா.

எதிர்வீட்டில் வேன் ஓட்டும் அண்ணனைக் கேட்டேன். பக்கத்துத் தெருவில் வரும், இங்கே வராது என்றார். மளிகைக் கடையிலும் அதே பதில். சரி, பாவப்பட்ட அந்தப் பக்கத்துத் தெருவையும் ஒரு எட்டு பார்த்துவிடுவோம் என்று போய்க் கேட்டால், "எங்க தெருவுல வராதும்மா, உங்க தெருவுலதான் வரும்" என்றார்கள்! ஊரை ஒட்டி இருக்கும் ஏரி நிரம்பினால் தண்ணீர் எங்கேயாவது போய்த்தானே ஆகவேண்டும்? ஊரில் எந்தத் தெருவைக் கேட்டாலும் அது பக்கத்துத் தெருவுக்குத்தான் போகிறது. எனக்கு அன்று சோறு இறங்கவில்லை.

அந்தச் சனிக்கிழமை, அதே கேள்வியை என்னைப் போலவே வேறொருத்தி எதிர்வீட்டு வாசலில் கேட்டுக்கொண்டிருந்தாள். தோளில் பை, கையில் அளவு போட்ட ஒரு நீளக் கட்டை, வெயிலுக்குத் தலையில் துப்பட்டா. வேன்காரர் வழக்கமான பதிலைச் சொல்லிவிட்டு, "உன் ஆராய்ச்சிக்கு என் ஊடுதான் கெடச்சுதா? போம்மா" என்று கதவைச் சாத்தினார். அவள் முகம் வாடவில்லை. அடுத்த வீட்டைப் பார்த்து நடந்தாள். விடுவேனா நான்? மாடியில் இருந்து இறங்கி ஓடினேன்.

ஆவடியிலேயே பிறந்து வளர்ந்தவள். பக்கத்தில் ஒரு இன்ஜினியரிங் காலேஜில் பாடம் எடுக்கிறாள். வெள்ளம், புயல் மாதிரி ஆபத்துகளைப் பற்றி அந்தந்த ஊர்க்காரர்களே ஆராய்ச்சி செய்யட்டும் என்று உதவி செய்கிற அமைப்பு ஒன்று இருக்கிறதாம். அதில் ஒரு வருஷத்துக்குச் சின்ன உதவி கிடைத்திருக்கிறது. எந்த வீட்டுக்கு முதலில் தண்ணீர் வரும், எவ்வளவு உயரம் வரும், வருவதற்குள் எவ்வளவு நேரம் கிடைக்கும் என்பதுதான் அவளுக்குத் தெரியவேண்டியது.

இதையெல்லாம் ஏற்கெனவே யாரும் பார்க்கவில்லையா என்று கேட்டேன். வெளியில் இருந்து வந்து பார்த்தார்கள், மேலே பறக்கிற கேமராவெல்லாம் விட்டார்கள், ஆனால் திரும்பி வந்து தெருக்காரர்களிடம் எதுவும் சொல்லவில்லை என்றாள். "அவங்க மேப்புல நம்ம ஏரியா மொத்தமும் ஒரே நீலம்க்கா. அதுல உங்க ஊடு எது, அவங்க ஊடு எதுன்னு தெரியாது. தண்ணி வந்தா யாரை மொதல்ல தூக்கணும்னு அந்த நீலம் சொல்லுமா?"

யாரை முதலில் தூக்கவேண்டும். எனக்கு அப்பா ஞாபகம் வந்தது. அன்றைக்கே அவளோடு ஒட்டிக்கொண்டேன்.

சனி, ஞாயிறுகளில் இருவரும் வீடு வீடாகப் போனோம். நான் கூட இருந்ததால் கதவு திறந்தது, காபி கிடைத்தது. பதில் மட்டும் மாறவில்லை. சுவரைப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம் என்றால் அதுவும் முடியாது. தண்ணீர் வருவது ஐப்பசி, கார்த்திகையில். தை பிறப்பதற்குள் எல்லோரும் வெள்ளையடித்துவிடுகிறார்கள். போகிக்குப் பழையதைக் கழிக்கும்போது தண்ணீர் நின்ற கறையும் சேர்ந்து போய்விடுகிறது. அதோடு, தண்ணீர் வரும் வீடு என்று தெரிந்தால் யார் குடிவருவார்கள், யார் வாங்குவார்கள் என்ற பயம். அவர்களைக் குறை சொல்லி என்ன செய்ய? வாழ்நாள் சம்பாத்தியமே அந்த வீடுதான்.

தெருமுனையில் சிறுபாலத்தை ஒட்டி ஒரு வீடு. ஏரித் தண்ணீர் வரும் கால்வாய் அதன் வழியாகத்தான் போகிறது. அந்த வீட்டுப் பெண்ணும் சிரித்தமுகமாக "வராது" என்றுதான் சொன்னாள். அவள் காபி போட உள்ளே போனதும் என் கண் தன் வேலையைத் தொடங்கியது. மூலையில் ஒரு இரும்பு பீரோ. நாலு காலுக்கும் கீழே கிரானைட் துண்டு முட்டுக் கொடுத்திருந்தது. மேலே பச்சை பெயின்ட் புதுசு மாதிரி இருக்க, கீழே முழங்கால் உயரத்துக்குத் துரு ஏறிப் பெயின்ட் பொரிந்திருந்தது. ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி ஒரே நேராக! பக்கத்தில் செருப்பு அலமாரியைப் பார்த்தேன். அதே உயரம் வரைக்கும் பலகை உப்பியிருந்தது.

லெக்சரர் பெண்ணின் தொடையைக் கிள்ளிக் கண்ணைக் காட்டினேன். அவளுக்குக் கையில் இருந்த பிஸ்கட் வாய்க்குப் போகவில்லை. சுவருக்குத்தானே வெள்ளையடிப்பார்கள், பீரோவுக்கு யார் அடிக்கிறார்கள்?

காபியோடு வந்தவளிடம் தண்ணீரைப் பற்றி நான் பேசவே இல்லை. "பீரோ ரொம்ப நல்லா இருக்கே, எந்த வருஷத்து பீரோ?" என்று கேட்டேன். அவ்வளவுதான்! அது அவள் கல்யாணச் சீராம். அவள் அப்பா லாரி பிடித்துக் கூடவே உட்கார்ந்து வந்து இறக்கினாராம். அவர் இப்போது இல்லை. "தண்ணில நின்னுகினு இருந்துச்சுக்கா. புடவைங்கள மாடிக்கு ஏத்திட்டோம், இத்த தூக்க முடில. எங்கப்பாவையே உட்டுட்டுப் போற மாதிரி இருந்துச்சு" என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எங்கள் இருவருக்குமே கண் கலங்கியது.

அதற்குப் பிறகு எந்த வீட்டிலும் தண்ணீர் வருமா என்று நாங்கள் கேட்கவில்லை. பீரோவைப் பற்றித்தான் கேட்டோம். அது எப்போது வாங்கியது, யார் கொடுத்தது, ஏன் முட்டுக் கொடுத்திருக்கிறது என்று ஆரம்பித்தால், தண்ணீர்க் கதை தானாக வெளியே வந்தது. பேசியவர்களுக்கும் பாரம் இறங்கிய மாதிரி இருந்தது. எந்த வீட்டின் நம்பரும் வெளியே வராது என்று அவள் ஒவ்வொருவரிடமும் வாக்குக் கொடுத்தாள். அவர்கள் சம்மதித்த பிறகுதான் துருவின் உயரத்தை அளந்தாள்.

தீபாவளி நெருங்கிவிட்டது. சித்தி போன் மேல் போன். அக்கா வீடோ காலி வீடு, பீரோ கிடையாது. பெயின்ட் வாசனை வேறு. அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் எனக்கு உண்மை தெரியவேண்டும்.

லெக்சரர் பெண் ஒரு வழி சொன்னாள். கொத்தனார்கள் மட்டம் பார்ப்பார்களே, தண்ணீர் நிரப்பிய கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் குழாய், அதைக் கொண்டு வந்தாள். ஒரு முனையை அடுத்த வீட்டு பீரோவின் துருக் கோட்டில் நான் பிடித்துக்கொள்ள, ஜன்னல் வழியாக மறுமுனையை அக்காவின் காலி வீட்டுக்குள் அவள் கொண்டுபோனாள். இரண்டு முனையிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில்தானே நிற்கும்? இங்கே துருக் கோட்டில் நின்றபோது அங்கே எங்கே நிற்கிறதோ அங்கே சாக்பீஸால் ஒரு கோடு போட்டாள். மறுபக்கத்து வீட்டு பீரோவில் இருந்தும் அதேபோல் பார்த்தாள். கோடு அதே இடத்துக்கு வந்தது.

குழாயைப் போட்டுவிட்டு ஓடிப்போய்ப் பார்த்தேன். அந்த மூலையில்தான் அப்பாவின் கட்டிலைப் போடுவதாக மனசுக்குள் முடிவு செய்து வைத்திருந்தேன். அப்பா படுத்திருந்தால் அவர் காது இருக்கும் உயரத்தில் கோடு இருந்தது.

தரையில் உட்கார்ந்து அந்த உயரத்தை இன்னொரு தடவை கையால் சாண் போட்டு அளந்தேன்.

அப்போது மாடியில் இருந்து அக்கா இறங்கி வந்தார். "யாரு என் செவுத்துல கிறுக்குனது? இப்பதான பெயிண்டு அடிச்சேன்!" என்று வந்தவர் கோட்டைப் பார்த்ததும் நின்றுவிட்டார். சத்தம் போடப் போகிறார், வீடும் போயிற்று, உறவும் போயிற்று என்று நினைத்தேன். அக்கா சுவருக்குப் பக்கத்தில் போய்க் குனிந்து பார்த்தார். கோட்டுக்கு மேல் விரல்களை வைத்தார்.

"இன்னும் ரெண்டு வெரல் மேல போடு" என்றார்.

பிறகு படியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். நாங்கள் இந்த ஊருக்கு வருவதற்கு முன்னால் பெய்த ஒரு பெரிய மழையின்போது கீழ்வீட்டில் கைக்குழந்தையோடு ஒரு பெண் குடியிருந்தாள். "சமையல் மேடை மேல கொழந்தைய தூக்கிகினு ஏறி நின்னுச்சு. நான் படிகட்டுல நின்னு கத்துறேன், பயத்துல அதுக்குக் காதே கேக்கல. மாதாவே, அந்தக் கொழந்தைக்கு எதனா ஆயிருந்தா நான் இன்னா பண்ணுவேன்?" யாரோ இறங்கிப் போய்க் கூட்டிவந்தார்களாம். அந்தக் குடும்பம் அந்த வாரமே காலி செய்துவிட்டது. வாடகை போய்விடும் என்ற பயம் ஒருபக்கம் என்றாலும், அந்தச் சுவரைப் பார்க்கும்போதெல்லாம் அந்தக் குழந்தை கண்முன் வந்துவிடுவதால்தான் வருஷா வருஷம் அதற்கு முதலில் பெயின்ட் அடிப்பதாகச் சொன்னார். எனக்கு அவர்மேல் வந்த கோபம் வந்த வழியே போய்விட்டது.

லெக்சரர் பெண் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, உள்ளே தண்ணீர் வருவதற்கு முன்னால் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று கேட்டாள். அக்கா யோசித்தார். "பூசைக்குப் போய்ட்டு வரசொல்ல சிறுபாலம் முழுவிடுச்சு. ஊட்டுக்கு வந்து கொழம்பு வச்சேன், சாப்ட்டேன், பாத்திரம் கழுவசொல்லதான் கீழ சத்தம் கேட்டுச்சு."

அவள் கண் பளிச்சென்றது. மற்ற வீடுகளிலும் கிட்டத்தட்ட இதையே சொல்லியிருந்தார்கள். பாலம் மூழ்கியபோது உலை வைத்தேன், வீட்டுக்குள் வந்தபோது பிள்ளைகளைத் தூங்கவைத்துக்கொண்டிருந்தேன் என்று. யாரும் கடிகாரம் பார்க்கவில்லை. ஆனால் பாலத்துக்கும் நம் வாசலுக்கும் நடுவில் ஒரு சமையலும் ஒரு சாப்பாடும் செய்கிற நேரம் இருக்கிறது. "அவ்ளோ நேரம் இருக்குக்கா. பாலத்தாண்ட இருக்கறவங்க பாத்துட்டாங்க, இங்க யாருக்கும் சொல்லல. அதான் குறை" என்றாள்.

அன்று வீட்டில் பெரிய வாக்குவாதம். தெரிந்தே அப்பாவைத் தண்ணீரில் கொண்டுபோய் விடப்போகிறாயா என்றார் என் கணவர். நியாயமான கேள்வி. நான் சொன்னேன், வேறு எந்தக் கீழ்வீட்டுக்குப் போனாலும் அங்கேயும் "வராது" என்றுதான் சொல்வார்கள், அங்கே கோடு போட்டுக் காட்ட ஆள் இல்லை. இங்கே எவ்வளவு வரும், எப்போது கிளம்பவேண்டும் என்று தெரியும். அரை மனசோடுதான் சம்மதித்தார். எனக்கும் முழு மனசு இல்லை என்பதை அவரிடம் சொல்லவில்லை.

அடுத்த ஞாயிறு அக்காவின் மொட்டைமாடியில் தெருக்காரர்களைக் கூட்டினோம். தான் கண்டுபிடித்ததை வேறு எங்கேயும் சொல்வதற்கு முன்னால் எங்களிடம்தான் சொல்லவேண்டும் என்று லெக்சரர் பெண் பிடிவாதமாக இருந்தாள். பாலத்தடி வீட்டுப் பெண், பாலம் மூழ்கினால் எல்லோருக்கும் போன் செய்வதாக ஏற்றுக்கொண்டாள். அதற்காக ஒரு வாட்ஸ்அப் குரூப், பேர் "பீரோ குரூப்". போன் வந்தால் அப்பாவை உடனே அக்காவின் மாடிக்குத் தூக்கிவிடவேண்டும் என்று முடிவானது. வேன்காரர் மட்டும் கைகட்டி நின்று, "இத்தையெல்லாம் வெளிய சொன்னா எவன் இங்க குடி வருவான்?" என்று கேட்டுவிட்டு இறங்கிப் போனார்.

தீபாவளிக்கு மறுவாரம் நாங்கள் அக்காவின் கீழ்வீட்டுக்கு மாறினோம், அப்பாவும் வந்தார். பகலில் அவரைப் பார்த்துக்கொள்ள ஒரு அம்மாவை ஏற்பாடு செய்திருந்தேன். சாக்பீஸ் கோட்டின் மேல் அக்காவே நீல பெயின்ட் பூசியிருந்தார், ரெண்டு விரல் மேலேயே.

கார்த்திகைக் கடைசியில் விடாமல் மழை கொட்டியது. மூன்றாம் நாள் வானம் கொஞ்சம் வெறித்த மாதிரி இருக்கவே நான் ஆபீசுக்குக் கிளம்பினேன். மதியம் மறுபடியும் பிடித்துக்கொண்டது. எஸ்டேட் ரோட்டில் முழங்கால் தண்ணீர், மின்சார ரயில் நின்றுவிட்டது. என் கணவர் ஷிப்டில் மாட்டிக்கொண்டார். அப்போது பீரோ குரூப்பில் பாலத்தடிப் பெண்ணின் குரல், "பாலம் முழுவிடுச்சு, எல்லாரும் கெளம்புங்க."

அப்பாவுக்குப் போன் செய்தேன், எடுக்கவில்லை. பார்த்துக்கொள்ளும் அம்மா மழையில் அன்று வரவே இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. அக்காவுக்கு அடித்தேன், லைன் கிடைக்கவில்லை. அந்த நீலக் கோடும் அப்பாவின் காதும்தான் கண்ணுக்குள் வந்தன. கூட வேலை செய்யும் பெண்கள் என்னைப் பிடித்து உட்காரவைத்தார்கள். நான்தானே தெரிந்தே கொண்டுவந்து வைத்தேன் என்று புலம்பிக்கொண்டே இருந்தேன்.

கடைசியில் அக்காவே கூப்பிட்டார். "இன்னாத்துக்கு இத்தினி தடவ போன் அடிச்சுகினு கீற? உங்கப்பாரு என் ஊட்டு சோபாவுல உக்காந்துகினு சீப்புல கல்கல் சுருட்டிகினு கீறாரு. நீ பொறுமையா வா."

கிறிஸ்துமஸுக்குக் கல்கல் செய்ய அக்கா மாவு பிசைந்து வைத்திருக்கிறார். மாவைச் சின்னச் சின்னதாக உருட்டிச் சீப்பின் பல்லில் அழுத்திச் சுருட்டவேண்டும். சும்மா உட்கார்ந்திருந்தால் பயப்படுவார் என்று அப்பா கையிலும் ஒரு புதுச் சீப்பைக் கொடுத்துவிட்டார். நான் ஆபீஸ் தரையில் உட்கார்ந்து சத்தம் போட்டு அழுதேன்.

சாயங்காலம் நடந்தும் ஒரு லாரியில் ஏறியும் வீடு வந்து சேர்ந்தேன். கீழ்வீட்டுக்குள் தண்ணீர் நின்றது. நீலக் கோட்டுக்கு ஒரு சாண் கீழே. அப்பாவின் கட்டில் கால்கள் தண்ணீரில் இருந்தன. மாடியில் அப்பா, "ஏம்மா, இந்தப் பலகாரம் நம்ம ஊர்ல கிடையாதே!" என்று தட்டை நீட்டினார். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து நாலு பேர் அவரைத் தூக்கி வந்தார்களாம். முன்னால் பிடித்தவர் எதிர்வீட்டு வேன்காரர்.

தண்ணீர் வடிந்த மறுநாளே லெக்சரர் பெண் கட்டையோடு வந்துவிட்டாள். கோட்டுக்குக் கீழேயே ஏன் நின்றது என்று அவளுக்கு ஒரே குடைச்சல். மழை குறைவா, கால்வாயில் அடைப்பு எடுத்தார்களா, வேறு பக்கம் எங்கேயாவது உடைத்துக்கொண்டதா? அவள் கேட்கக் கேட்க எனக்கும் குடையத் தொடங்கியது. வேன்காரர் தானாக வந்து, "எங்க ஊட்டுலயும் ஒரு கோடு போட்டுக் குடும்மா" என்று கூப்பிட்டுக்கொண்டு போனார். அவர் வீட்டு பீரோவின் துரு எங்கள் எல்லோர் வீட்டையும்விட உயரம்.

தை பிறப்பதற்கு முன் வழக்கம்போல் தெருவெல்லாம் வெள்ளையடித்தார்கள். அக்கா பெயின்டர் பக்கத்திலேயே நின்று, நீலக் கோட்டின் மேல் பிரஷ் படாமல் பார்த்துக்கொண்டார். லெக்சரர் பெண்ணுக்குக் கிடைத்த உதவி இந்த வருஷத்தோடு முடிகிறது. இன்னொரு வருஷத்துக்குக் கேட்டிருக்கிறாள். கிடைத்தால் பக்கத்துத் தெரு.

போன மாதம் ஒரு இளம் ஜோடி வீடு பார்க்க வந்தது. ஐ.டி. வேலை, மதுரைப் பக்கம் ஊராம். வேன்காரர் வீட்டுக் கீழ்ப்பகுதி காலியாக இருந்தது. வாசலில் நின்றிருந்த அக்காவிடம் அந்தப் பெண் என்னை மாதிரியே கேட்டாள், மழைக்குத் தண்ணி வருமா என்று. நான் வேன்காரரைப் பார்த்தேன். அவர் அக்காவைப் பார்த்தார். அக்கா எங்கள் கீழ்வீட்டுக் கதவைத் திறந்து, "வரும். வா, எவ்ளோ வரும்னு காட்டுறேன்" என்று அந்தப் பெண்ணை உள்ளே கூட்டிப்போனார்.

அவர்கள் வேன்காரர் வீட்டுக்குக் குடிவந்துவிட்டார்கள், பீரோ குரூப்பிலும் சேர்ந்துவிட்டார்கள். மழை இருட்டிக்கொண்டு வரும்போது இப்போதும் நான் பீரோ குரூப்பைத் திறந்து திறந்து பார்க்கத்தான் செய்கிறேன். ஆனால் "வராது" என்று எல்லோரும் சொன்ன தெருவில் வைக்கப் பயந்த என் அப்பாவை, "வரும்" என்று சொல்லத் தெரிந்துகொண்ட தெருவில் விட்டுவிட்டுத் தினமும் தைரியமாக வேலைக்குப் போகிறேன்.